மீனவர் காணாமல் போன படம்

(பெண் அரசியல்வாதிகளை வரையும் கார்ட்டூன்கள் குறித்து இதழியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2014 ஆகஸ்ட் தொடக்கத்தில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் ஒரு கட்டுரை வந்தது. அப்போது தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஜெயலலிதா. நரேந்திர மோடி பிரதமராகி இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. பாக் நீரிணையில் மீன்பிடிக்கப் போகிற நம்மூர் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடிப்பதும், படகுகளைப் பறித்து வைப்பதும், உடனே முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதுவதும் அந்த நாள்களில் வாடிக்கை. அந்தக் கடிதங்களை அந்தக் கட்டுரை காதல் கடிதங்கள் என்று தலைப்பிலேயே சொன்னது. கூடவே ஒரு படம். ஜெயலலிதா கனவு காண்கிறார். அவர் தலைக்கு மேலே ஒரு நினைவுக் குமிழி, அதற்குள் மோடி, பக்கத்தில் ஓர் இதயக் குறி. தமிழகம் கொதித்தது, நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. அமைச்சகம் அதை நீக்கிவிட்டு, பிரதமரிடமும் முதலமைச்சரிடமும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்போடு விஷயம் முடிந்துவிட்டதாக அன்று பலரும் நினைத்தார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பற்றிப் பேச இன்னும் நிறைய இருக்கிறது. அதில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் எல்லாரும் பேசினோம். யார் இல்லை என்று பாருங்கள். மீனவர் இல்லை. ராமேசுவரத்து மீனவரும் இல்லை, மன்னார் மீனவரும் இல்லை. கடல் இல்லை, படகு இல்லை, வலை இல்லை. ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் தன் மக்களின் பிழைப்புக்காக ஒன்றிய அரசுக்கு எழுதிய அலுவல் கடிதம், அவர் பெண் என்ற ஒரே காரணத்தால், ஆண் ஒருவருக்கு எழுதிய கடிதமாகிவிட்டது. கருணாநிதியும் டெல்லிக்குக் கடிதம் எழுதினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் எழுதினார்கள். பயனற்ற கடிதங்கள் என்று அவற்றை விமர்சித்தவர்கள் உண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் இதயம் வரைய யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கடிதங்களை விமர்சிக்கவே முடியாதா? தாராளமாக முடியும். நம் கரையிலிருந்து போகும் இழுவைப் படகுகள் கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு வருகின்றன. போர் முடிந்து, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கடலுக்குள் இறங்கிய யாழ்ப்பாண, மன்னார்த் தமிழ் மீனவர்களின் வலைகளை அவை அறுத்துவிட்டுப் போகின்றன. இந்த உண்மையை ஒரு நல்ல கார்ட்டூனிஸ்ட் கையில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலமைச்சரின் கடிதத்தையே பாயாக விரித்த ஓர் இழுவைப் படகு, அதன் பின்னால் இழுபடும் இன்னொரு தமிழரின் கிழிந்த வலை. அப்படி ஒரு படம் வந்திருந்தால் தமிழ்நாட்டு அரசியல்வாதி ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லத் தொண்டை அடைத்திருக்கும். இதயம் வரைந்தவர் ஜெயலலிதாவை அவமதித்தார், அது உண்மை. ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வியிலிருந்து அவரைத் தப்பவும் விட்டார். நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான். பெண் தலைவரின் செயலை வரையாமல் அவர் பெண் என்பதை வரைகிற கோடு, அவரை இழிவுபடுத்துகிற அதே நேரத்தில் அவருடைய அதிகாரத்தைக் கேள்வியிலிருந்து காப்பாற்றுகிறது. பெண்ணுக்கும் அநியாயம், கார்ட்டூன் என்ற கலைக்கும் அநியாயம்.

கார்ட்டூன் கலையை உயிராக மதிக்கிறவள் நான். தமிழில் பாரதியின் 'இந்தியா' வார இதழ் 1906-லேயே அரசியல் சித்திரங்களை அச்சிட்டது. ஆட்சியாளரைப் பார்த்துச் சிரிக்க மக்களுக்குக் கற்றுக்கொடுத்த கலை இது. அதனால்தான் அதன் தரம் தாழும்போது வலிக்கிறது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். ஆண்களின் உடலையும்தானே வரைகிறார்கள்? வரைகிறார்கள். கருணாநிதியின் கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டும், எம்.ஜி.ஆரின் தொப்பி, காமராஜரின் உயரம், அண்ணாவின் உயரமின்மை இவையெல்லாம் இல்லாமல் நம் அரசியல் சித்திரமே இல்லை. மிகைப்படுத்துவதுதான் இந்தக் கலையின் இலக்கணம். இந்திரா காந்தியின் நீண்ட மூக்கும் முன்தலையில் ஓடிய வெள்ளைக் கற்றையும் அந்த வகைதான். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஜெயலலிதா 1991-க்குப் பிந்தைய ஆட்சிக் காலத்தில் புடவைக்கு மேல் அணிந்த மேலங்கியை வரைந்தார்களே, அதுவும் சரிதான். கண்ணாடியும் துண்டும் மூக்கும் மேலங்கியும் 'இவர் இன்னார்' என்று அடையாளம் காட்டுகின்றன. அதோடு அவற்றின் வேலை முடிகிறது. அதன்பின் படம் பேச வேண்டியதைப் பேசுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டவர் ஆளத் தகுதியற்றவர் என்று எந்தப் படமும் சொன்னதில்லை. பெண்ணின் இடுப்பையும் மார்பையும் பருமனையும் வரையும்போது கோடு அடையாளத்தோடு நிற்பதில்லை. உடம்பையே தீர்ப்பாக எழுதிவிட்டு, மேற்கொண்டு பேச எதுவும் இல்லாமல் படம் முடிந்துபோகிறது.

ஜெயலலிதாவின் நகைகளை வரைந்தது தவறா? இல்லை. 1995-ல் சென்னையில் நடந்த வளர்ப்பு மகன் திருமணமும் அதன்பின் வந்த சொத்துக் குவிப்பு வழக்கும் அந்த நகைகளைப் பொதுப் பிரச்சினை ஆக்கிவிட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்களின் மேல் முதலமைச்சர் படத்தை ஒட்டியதை வரைந்தது தவறா? அதை வரையாமல் விட்டிருந்தால்தான் தவறு. காலில் விழுந்து கிடக்கும் அமைச்சர்கள் தமிழ்க் கார்ட்டூனுக்குக் கிடைத்த மிக வலுவான காட்சிகளில் ஒன்று. ஆனால் அந்தக் காட்சியில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. நாம் சிரித்தது அடிமைத்தனத்தைப் பார்த்தா, அல்லது ஆண்கள் ஒரு பெண்ணின் முன்னால் அடிமையானதைப் பார்த்தா? ஆண் தலைவர் காலில் விழுகிறவர்களும் நம் ஊரில் குறைவில்லை. அவர்களைப் பார்த்து அதே அளவு சிரித்தோமா என்று ஒவ்வொரு வாசகரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு நல்ல படத்தைச் சொல்கிறேன். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் அபு ஆபிரகாம் வரைந்த படம் வெளிவந்தது. குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் கிடக்கிறார். கதவிடுக்கில் நீளும் ஒரு கையிடம் கையெழுத்திட்ட காகிதத்தைத் தருகிறார். இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் சற்றுக் காத்திருக்கட்டும் என்று சொல்லி அனுப்புகிறார். இந்திரா காந்தியின் ஆட்சியைப் பற்றி வந்த படங்களில் இதைவிடக் கடுமையானது இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதில் இந்திரா காந்தியே இல்லை! அரசமைப்பின் உச்சியில் இருப்பவர் துண்டைக் கட்டிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் கையெழுத்துப் போடுகிறார் என்றால், அந்தக் காகிதத்தை அனுப்பியவரின் அதிகாரம் எவ்வளவு பெரியது! ஐம்பது ஆண்டுகள் ஆகியும் நெருக்கடி நிலை என்றதும் அந்தத் தொட்டிதான் நினைவுக்கு வருகிறது.

அதே இந்திரா காந்தியைப் பதவியேற்ற புதிதில், பேசத் தெரியாத பொம்மை என்று சோசலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியா கேலி செய்தார். 1971 வங்கதேசப் போர் முடிந்ததும் இந்திரா துர்க்கையானார். பொம்மையிலிருந்து தெய்வத்துக்கு ஒரே தாவல். இடையில் ஓர் அரசியல்வாதிக்கு இடமே இல்லை. நம் ஊரிலும் அப்படித்தான். கட்சிக்காரர்களின் சுவரொட்டியில் அம்மன், எதிராளிகளின் மேடையில் சூர்ப்பணகை. கும்பிடுகிறவனும் காறித் துப்புகிறவனும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள்: எதிரே இருப்பது வரவு செலவுத் திட்டம் போடுகிற, கோப்பில் கையெழுத்திடுகிற, தவறு செய்கிற, கணக்குக் கேட்கப்பட வேண்டிய ஒரு மனிதர் இல்லை என்பதில்.

மேற்கில் இந்த வேலையைச் செய்வது மெதூசா. பாம்புகளே கூந்தலான அந்தக் கிரேக்கப் புராணப் பெண்ணின் தலையை வெட்டி உயர்த்திப் பிடிக்கும் பெர்சியஸின் சிலை, செல்லினி வடித்தது, பிளாரன்ஸ் நகரச் சதுக்கத்தில் நிற்கிறது. 2016 அமெரிக்கத் தேர்தலில் பெர்சியஸுக்கு டிரம்ப் முகத்தையும் வெட்டுண்ட தலைக்கு ஹிலாரி கிளிண்டன் முகத்தையும் வைத்து, அதைச் சட்டையிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்றார்கள். ரோமானிய வரலாற்றை ஆராயும் அறிஞர் மேரி பியர்ட் 2017-ல் வெளியிட்ட 'பெண்களும் அதிகாரமும்' என்ற சிறு நூலில் இதைக் காட்டி, ஜெர்மனியின் ஆங்கெலா மெர்க்கலுக்கும் பிரிட்டனின் தெரசா மேவுக்கும் இதே பாம்புத் தலை வைக்கப்பட்டதை எடுத்துச் சொல்கிறார். கழுத்தறுபட்ட ஒரு பெண்ணின் தலையை மேசை மேல் வைத்துக் காபி குடிக்க முடிகிறது என்றால், அதைத் தேர்தல் நகைச்சுவை என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

இது புதிய நோய் இல்லை. 1784-ல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் சார்லஸ் ஜேம்ஸ் பாக்ஸ் என்பவருக்காக டெவன்ஷயர் சீமாட்டி ஜார்ஜியானா தெருத்தெருவாக வாக்குக் கேட்டார். ஒரு கசாப்புக்காரருக்கு முத்தம் கொடுத்து வாக்கு வாங்கினார் என்று கார்ட்டூனிஸ்ட் ரோலண்ட்சனும் மற்றவர்களும் படம் படமாக வரைந்து தள்ளினார்கள். அந்தத் தேர்தல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே அதிகாரம் யாருக்கு என்ற பெரிய சண்டை. படத்தில் அது இல்லை, உதடுதான் இருக்கிறது.

இன்னும் கூர்மையான சான்று 1872 பிப்ரவரி 17 தேதியிட்ட ஹார்ப்பர்ஸ் வீக்லியில் இருக்கிறது. அமெரிக்கக் கார்ட்டூனின் தந்தை என்று போற்றப்படும் தாமஸ் நாஸ்ட் வரைந்தது. அந்த ஆண்டு விக்டோரியா வுட்ஹல் குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளர். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை வர இன்னும் 48 ஆண்டுகள் இருந்தன. திருமணத்தில் சட்டம் தலையிடக் கூடாது, பிடிக்காத மண உறவிலிருந்து பெண் வெளியேற உரிமை வேண்டும் என்று அவர் பேசினார். நாஸ்ட் அவரைக் கொம்பும் இறக்கையும் கொண்ட சாத்தானாக வரைந்தார். பின்னால் கரடுமுரடான மலைப்பாதையில் ஒரு பெண், முதுகில் குடிகாரக் கணவனையும் பிள்ளைகளையும் சுமந்தபடி ஏறுகிறாள். இந்தப் பாதையே மேல், உன் வழி வேண்டாம் என்று சாத்தானிடம் சொல்கிறாள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்த முதுகின் மேல்தான் போகிறது. நாஸ்ட் மாபெரும் கலைஞர், அவர் கை பொய் சொல்லவில்லை. அந்தப் பெண் படும் பாட்டை அவ்வளவு உண்மையாக வரைந்திருக்கிறார். வுட்ஹல் பேசியதும் அதைப் பற்றித்தானே? அவருடைய வாதத்துக்கு எதிர்வாதம் படத்தில் எங்கும் இல்லை. கொம்பு மட்டும் இருக்கிறது.

பிரிட்டனில் வாக்குரிமை கேட்ட பெண்கள் சிறையில் உண்ணாநோன்பு இருந்தபோது, 1909 முதல் அவர்களுக்குக் குழாய் வழியாக வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். அதே காலத்தில் கடைகளில் விற்ற நகைச்சுவை அஞ்சலட்டைகளில் பெண்களின் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள், நாக்கை இடுக்கியில் மாட்டியிருந்தார்கள். சிறைக்குள் நடந்த கொடுமையும் அட்டையில் வந்த சிரிப்பும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன.

பெண்ணே இல்லாத படத்திலும் இந்த இழிவு இருக்கும். 1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில் தென்மாநிலங்களின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் பிடிபட்டபோது மனைவியின் மேலங்கியும் சால்வையும் அவர் மேல் இருந்தன. வடக்கத்திப் பத்திரிகைகள் அவருக்கு முழுப் பாவாடையே கட்டிவிட்டன. அடிமை முறையைக் காக்கப் போர் தொடுத்தவருக்கு அதைவிடப் பெரிய இழிவு பெண்ணாக வரையப்படுவதாம். நம் ஊரில் அமைச்சருக்கு வளையலும் சேலையும் அனுப்பும் போராட்டத்தை இன்றைக்கும் நடத்துகிறோம். அதைப் பெண்களே நடத்துவதைப் பார்க்கும்போது எனக்கு ஆறவே ஆறாது.

பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் கதையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஜெரால்ட் ஸ்கார்ப் அவரைக் கோடரியாக, கூரிய அலகுள்ள பறவையாக வரைந்தார். அரசின் செலவை வெட்டியவர் கோடரியாகிறார். இது செயலை வரைவது. தொலைக்காட்சியில் 'ஸ்பிட்டிங் இமேஜ்' பொம்மலாட்டம் அவருக்கு ஆண் உடையும் சுருட்டும் கொடுத்தது. அதிகாரம் இருந்தால் அவள் பெண்ணாக இருக்க முடியாது என்பது அதன் உள்ளர்த்தம். பள்ளிப் பால் விஷயம் இன்னும் நுட்பமானது. 1971-ல் கல்வி அமைச்சராக இருந்த தாட்சர் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பாலை நிறுத்தினார். பால் பறித்தவள் என்ற பட்டம் சாகும்வரை அவரோடு வந்தது. விமர்சனம் நியாயமானது. ஆனால் 1968-ல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இலவசப் பாலை நிறுத்தியது தொழிற்கட்சி அரசு. அதைச் செய்த ஆண்களுக்குப் பட்டம் எதுவும் இல்லை. பாலை நிறுத்திய பெண் தாய்மையைக் காட்டிக் கொடுத்தவளாகிறாள், ஆண் வெறும் சிக்கன அமைச்சராகிறான்.

நம் காலத்துக்கு வந்தால், ஆஸ்திரேலியாவின் முதல் பெண் பிரதமர் ஜூலியா கில்லார்ட். 2010 முதல் 2013 வரை பதவியில் இருந்தார். கரிம வெளியேற்றத்துக்கு விலை வைக்கும் சட்டம் கொண்டுவந்தார். அதை எதிர்த்து 2011 மார்ச்சில் கான்பெராவில் கூட்டம் கூடியபோது, எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட் பேசிய இடத்துக்குப் பின்னால் கில்லார்டைச் சூனியக்காரி என்று எழுதிய பதாகை நின்றது. லாரி பிக்கரிங் என்ற கார்ட்டூனிஸ்ட் அச்சிடத் தகாத படங்களை வரைந்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தப் படங்களை இங்கே விவரிக்க மாட்டேன். எழுத்தாளர் ஆன் சம்மர்ஸ் 2012 ஆகஸ்டில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அவற்றைத் திரையில் காட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். எந்த அலுவலகத்திலாவது ஒரு பெண் ஊழியரை இப்படி வரைந்து ஒட்டினால் அது பணியிடத் துன்புறுத்தல். நாட்டின் பிரதமருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு ஏன் இல்லை? அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று நாடாளுமன்றத்தில் பெண் வெறுப்பைக் கண்டித்து கில்லார்ட் பதினைந்து நிமிடம் பேசிய பேச்சை உலகமே கேட்டது. கரிம விலை நல்லதா கெட்டதா என்ற விவாதம் ஆஸ்திரேலியாவுக்கு மிகவும் தேவைப்பட்டது. அந்தப் படங்கள் அதற்கு ஒரு வரியும் தரவில்லை. பிரேசிலில் 2015-ல் எரிபொருள் விலை ஏறியபோது, குடியரசுத் தலைவர் டில்மா ரூசெப்பின் உருவத்தை வைத்து, கார்களின் பெட்ரோல் மூடியைச் சுற்றி ஒட்ட ஓர் ஆபாச ஸ்டிக்கர் செய்தார்கள். விலையேற்றத்துக்கு எதிரான கோபம் பாலியல் வன்முறைக் காட்சியாகிப்போனது.

மாயாவதியைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். ஆயிரம் ரூபாய்த் தாள்களில் கட்டிய மாலையை 2010 மார்ச்சில் லக்னோவில் அவர் அணிந்துகொண்டதும், தன் சிலைகளைத் தானே நிறுவியதும் கார்ட்டூனுக்கு முழுத் தகுதி உள்ளவை. ஆனால் அவரைப் பற்றிய கேலியில் நிறம், முடி, உடம்பு, கைப்பை என்று கோடு ஊரும்போது, அங்கே பெண் என்ற ஏளனத்தோடு சாதியின் அருவருப்பும் சேர்ந்தே ஊர்கிறது. மற்ற பெண் தலைவர் கையில் பை இருந்தால் அது மிடுக்கு, தலித் பெண் கையில் இருந்தால் அது பேராசை. இதை வரைகிறவர் நினைத்து வரைந்தாரா நினைக்காமல் வரைந்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை.

சரி, என்ன செய்வது? போலீசை அனுப்புவதா? கூடாது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வெடித்துச் சில நாள்களில் அவர் வெளியே வந்தார். ஜெயலலிதாவின் 2011-16 ஆட்சியில் தொடரப்பட்ட அவதூறு வழக்குகள் இருநூறைத் தாண்டின. 2012 ஏப்ரலில் மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி பற்றிய ஒரு கேலிப் படத்தை நண்பர்களுக்கு அனுப்பியதற்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானார். சத்யஜித் ராயின் 'சோனார் கேல்லா' திரைப்படத்தை வைத்து, ரயில்வே அமைச்சரை மாற்றியதைக் கிண்டல் செய்த படம் அது. அதில் மம்தாவின் பெண்மைக்கு எதிராக ஒன்றும் இல்லை, நூறு சதவீதம் அரசியல். வழக்கிலிருந்து அவர் விடுபட 2023 ஆகிவிட்டது. சட்டத்தைக் கையில் கொடுத்தால் ஆட்சியாளர் முதலில் அடிப்பது ஆபாசப் படத்தை இல்லை, உண்மையைச் சொல்லும் படத்தை.

ஆகவே இது ஆசிரியர் குழுவின் மேசையில் முடிய வேண்டிய வேலை. அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அமெரிக்காவில் அரசியல் கார்ட்டூனுக்குப் புலிட்சர் விருது 1922-ல் தொடங்கியது. முதல் பெண்ணாக சிக்னி வில்கின்சன் அதைப் பெற்றது 1992-ல். எழுபது ஆண்டுகள்! இந்தியாவில் பெங்களூரின் மாயா காமத் பெயரைச் சொன்னால், அடுத்த பெயருக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. லண்டனில் 1909-ல் தொடங்கிய 'சப்ரேஜ் ஆட்டிலியர்' என்ற பெண் கலைஞர்களின் கூடம், வரையவும் அச்சுக்கட்டை செதுக்கவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அவர்களுடைய சுவரொட்டி ஒன்றில் மேல் வரிசையில் நகரத் தலைவர், செவிலி, தாய், மருத்துவர், ஆலைத் தொழிலாளி என்று வாக்கில்லாத பெண்கள். கீழ் வரிசையில் குற்றவாளி, குடிகாரன் என்று வாக்கை இழக்காத ஆண்கள். எந்தப் பெண்ணின் உடம்பையும் அது கேலி செய்யவில்லை. கொடுமையான படம்தான், ஆனால் அந்தக் கொடுமை முழுவதும் சட்டத்தின் மேல் விழுகிறது.

இதழியல் படிக்கிற உங்களிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். பெண் அரசியல்வாதி பற்றிய ஒரு படமோ மீமோ உங்கள் கைக்கு வரும்போது, அதில் எந்தப் பிரச்சினை இருக்க வேண்டியது, எது காணாமல் போயிருக்கிறது என்று தேடுங்கள். பெரிய தலைவர்களை விட்டுவிட்டு ஊராட்சிகளுக்குப் போங்கள். தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் 2016-ல் வந்தது. அதன்பின் நடந்த தேர்தல்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் தலைவர்களானார்கள். அவர்களைக் கேலி செய்யும் படங்கள் பத்திரிகையில் வருவதில்லை, ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகின்றன. வரைந்தவர் பெயரும் இல்லை, பொறுப்பேற்க ஆசிரியரும் இல்லை. குடிநீர்த் தொட்டி ஒப்பந்தத்தில் கேள்வி கேட்ட ஒரு பெண்ணின் முகத்தை எந்த உடம்போடும் ஒட்டிவிட ஒரு கைப்பேசி போதும். குடிநீர்த் தொட்டி மறந்துபோகும். அந்தப் பெண் அடுத்த முறை நிற்க மாட்டார்.

2021 தேர்தலில் நம் சட்டமன்றத்தின் 234 இடங்களில் பெண்கள் வென்றவை 12. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று 2023-ல் வந்த 106-வது அரசமைப்புத் திருத்தம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடு நிறைவேறியது. இதே 234 இடங்களை வைத்துக் கணக்குப் போட்டால் பெண்கள் குறைந்தது 78 பேர். பன்னிரண்டு பேர் இருக்கும் அவையில், புடவையும் இடுப்பும் வரைந்தாலே ஆளைக் காட்டிவிட்டதாக ஒரு கார்ட்டூனிஸ்ட் நினைத்துக்கொள்ளலாம். எழுபத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் அவையில் அது யாரையும் காட்டாது. இவர் எந்தத் துறையில் சொதப்பினார், அவர் எந்த மசோதாவில் கட்சி மாறி வாக்களித்தார், இன்னொருவர் எந்தக் குவாரிக்காரருக்கு உறவு என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டுதான் வரைய உட்கார வேண்டியிருக்கும்.